வர்ண நாரை பறந்துவிடாமல் படம் எடுப்பது எப்படி?

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸ் விலையைத்தான். நான் நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். விடுமுறைக்கு வந்தால் கேமராவோடு குளத்தங்கரைதான். இன்னொரு லென்ஸ் வாங்குவதைவிட, பறவையின் மூளைக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று புரிந்துகொள்வது அதிகம் உதவும் என்பது என் கட்சி. கையில் ஒரு 70-300 மி.மீ. லென்ஸ் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: இடமும் நேரமும்

வர்ண நாரைகள் வரும் கூந்தன்குளத்தில் தொடங்குங்கள். திருநெல்வேலியிலிருந்து 40 கி.மீ.க்குள், மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், இப்போது ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து குளம் பெருகிய வருஷம்தான் பறவையும் பெருகும். ஆகவே கிளம்புவதற்கு முன் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று உள்ளூரில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். வரித்தலை வாத்து பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே வந்துவிடுங்கள். இமயமலையைத் தாண்டி வந்த விருந்தாளி அது, கோடை வரைக்கும் தங்காது.

விடியும்போது கரையில் இருக்க வேண்டும், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். பத்து மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே காற்று சூடேறி ஆடத் தொடங்கிவிடும். அந்தக் கானலுக்கு ஊடே எடுத்தால் எந்த விலை லென்ஸிலும் இறகு கூர்மையாக வராது. டீக்கடைக்குப் போகிற நேரம் அது.

படி 2: கேமரா

இதில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/500 நொடி, பறப்பதற்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக. அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, f/5.6 முதல் f/8 வரை. ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ தானியங்கியில் இருக்கட்டும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். இருண்ட தண்ணீருக்கு முன் வெள்ளைப் பறவை நின்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) கொஞ்சம் குறையுங்கள், வெளிறிய வானத்துக்கு முன் என்றால் கூட்டுங்கள்.

ஐஎஸ்ஓ ஏறினால் பயப்படாதீர்கள். ஆய்வகத்தில் ஒரு நியூரானின் (நரம்பணுவின்) மின்துடிப்பைப் பெருக்கும்போது இரைச்சலும் கூடவே பெருகத்தான் செய்யும். அந்த இரைச்சலை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், துடிப்பையே பதியாமல் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. படமும் அப்படித்தான். புள்ளிப்புள்ளியாக வந்ததை மென்பொருளில் சரிசெய்யலாம், கலங்கிப்போனதை மீட்க முடியாது.

படி 3: நெருங்குவது

இதில்தான் எல்லாம் இருக்கிறது.

புறாவின் மூளையில் நியூக்ளியஸ் ரொட்டண்டஸ் என்றொரு பகுதி உண்டு. ஒரு பொருள் நேராகத் தன்மேல் மோத வருவதுபோல் விழித்திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தால் படபடவென்று துடிக்கும் நியூரான்கள் அங்கே இருப்பதை 1992-ல் வாங், ஃப்ராஸ்ட் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். பொருளின் பாதை சற்று விலகினாலே அவை அடங்கிவிடும். புறாவுக்குள்ளது நாரைக்கும் அச்சு அசலாகப் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரையில் இரண்டு விதமாகவும் நடந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அதாவது, பறவையை நோக்கி நேரே போகாதீர்கள். அதைத் தாண்டி வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாக நடங்கள். கொஞ்ச தூரம் போய் நில்லுங்கள், திரும்பி எதிர்ச்சாய்வில் வாருங்கள். இரை தேடிக்கொண்டிருந்த நாரை கழுத்தை நிமிர்த்தி அசையாமல் நின்றால், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அது மறுபடி தண்ணீரில் அலகை விடும்வரை ஓரடியும் வைக்கக் கூடாது. இந்தக் காத்திருப்புதான் புதியவர்களுக்குப் பெரும்பாடு. போனை எடுக்காதீர்கள், கை அசைவும் அசைவுதான்.

தாழ்வாக இருந்தால் உங்கள் உருவமும் சிறிதாகத் தெரியும், படத்தின் கோணமும் பறவையின் கண்மட்டத்துக்கு வரும். காருக்குள் இருந்தபடி ஜன்னலில் எடுப்பதும் நல்ல வழி. எருமை மேய்க்கிற அண்ணாச்சி யாராவது கரையோரமாகப் போனால், அவர் பின்னாலேயே மெதுவாகப் போங்கள். அவரைத் தினமும் பார்த்துப் பழகிய பறவைகள் நம்மையும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

படி 4: அந்தக் கணம்

கண்ணில் பட்டதற்கு விரல் அழுத்த நமக்குக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும். பறந்த பிறகு அழுத்தினால் கிடைப்பது முதுகுதான். முன்கூட்டியே குறி பார்க்க வேண்டும்: உடல் முன்னால் சாயும், கால் மடங்கும், பல நேரம் எச்சமிடும். அப்போதே அழுத்தத் தொடங்குங்கள். பெரிய பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று உங்கள் முதுகில் அடித்தால் நாரை உங்கள் பக்கமாக வரும். வரும் வழியில் காற்றாலை தென்பட்டால் அதன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், காற்று அங்கிருந்துதான் வருகிறது.

வர்ண நாரை மீன் பிடிப்பது வேறு கதை. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டுக் காலால் கலக்கிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் டப்பென்று மூடும். கண்ணுக்கு அங்கே வேலை குறைவு, தொடுவுணர்வுதான். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க மர நாரையில் இந்த அனிச்சைச் செயலை அளந்தபோது சுமார் 25 மில்லிநொடி வந்தது. நம் விரலால் முடியாது. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவிலேயே இரண்டு படத்துக்கு இடையில் 100 மில்லிநொடி போய்விடுகிறது! அதனால் கவ்வுவதைத் துரத்த வேண்டாம். மீனை விழுங்கக் கழுத்தைத் தூக்கும், அதற்குக் காத்திருங்கள்.

படி 5: ஊருக்குள்

கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே கூடு இருக்கும். நுழைவதற்கு முன் கேளுங்கள்: "ஆச்சி, இந்த மரத்தடியில நின்னு ரெண்டு படம் எடுத்துக்கிடட்டுமா?" பெரும்பாலும் சரி என்பார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. அங்கே போய்ப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் அசிங்கம். வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்திருக்கும். நாம் அதைக் கிளப்பிவிட்டால் குஞ்சு வெந்துபோகும். ஃப்ளாஷும் வேண்டாம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பயம். அப்புறம் தேதி, இடம், காற்றுத் திசை, தண்ணீர் அளவு நாலையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கண் கூர்மையாக இல்லாத படங்களைக் கூசாமல் அழியுங்கள். பறவைப் பெயர் தெரியவில்லையா? மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலராகச் சேர்ந்துகொள்ளுங்கள். நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களோடு ஒரு நாள் சுற்றினால் பாதிப் பெயர்கள் பழகிவிடும்.