பழைய கார்ல ஏபிஎஸ் லைட் எரிஞ்சா பண்ணக்கூடாத தப்புங்க

ஏபிஎஸ்னா திடீர்னு பிரேக் அடிச்சாலும் வீல் லாக் ஆகாம பாத்துக்குற சிஸ்டம். இந்தியால எல்லா புது காருக்கும் அது கட்டாயம்னு ஆனது 2019 ஏப்ரல்ல தான். அதுக்கு முன்னாடி நெறைய மாடல்ல டாப் வேரியன்ட்ல மட்டும்தான் குடுத்தாங்க, அதனால இன்னிக்கு செகண்ட்ஸ்ல வாங்குற பழைய வண்டில ஏபிஎஸ் இருக்குன்னா பெரும்பாலும் மொத ஓனர் கூட காசு போட்டு வாங்குனதுன்னு அர்த்தம். அதைப் போய் "லைட் எரிஞ்சா எரியட்டும், பிரேக் புடிக்குதுல்ல"ன்னு அப்படியே விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஏன்னா முக்கால்வாசி நேரம் கோளாறு சின்னதுதான், தேடுற விதம்தான் தப்பு.

மொதல்ல வாங்கும்போது பண்ற தப்பு. மீட்டர்ல ஏபிஎஸ் லைட் எரியலன்னா நல்லா இருக்குன்னு நெனைச்சிடாதீங்க. சாவி ஆன் பண்ணதும் அந்த லைட் எரியணும், ரெண்டு மூணு செகண்ட்ல தானா அணையணும். எரியவே இல்லன்னா பல்பை புடுங்கிட்டாங்க, இல்ல மேல கறுப்பு டேப் ஒட்டிட்டாங்க. இன்னும் விவரமானவங்க அந்த லைட்டை ஆயில் லைட்டோட சேர்த்து கட்டிடுவாங்க. இதைக் கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு: சாவியை ஆன் பண்ணுங்க, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. பெரும்பாலான வண்டில ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரிஞ்சிட்டே இருக்கும், ஏபிஎஸ் மட்டும் முன்னாடியே அணைஞ்சிடும். ஸ்டார்ட் பண்ற அதே நொடில மூணும் சேர்ந்து அணைஞ்சா வயரிங்ல யாரோ கை வெச்சிருக்காங்க.

அடுத்து ஸ்கேனர். ஆன்லைன்ல கம்மி விலைக்கு கெடைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இஞ்சின் கோளாறுக்கான கோடு (code) மட்டும்தான் படிக்கும், அதுல ஒண்ணும் வரலன்னா ஏபிஎஸ்ல கோளாறு இல்லன்னு முடிவு பண்றது தப்பு. ஏபிஎஸ் மாட்யூலை, அதாவது ஏபிஎஸ்ஸோட கன்ட்ரோல் யூனிட்டை, படிக்கிற ஸ்கேனர் வெச்சிருக்குற எலக்ட்ரீசியன்கிட்ட போங்க. அங்க போயும் நெறைய பேர் பண்ற தப்பு, "லெஃப்ட் ஃப்ரன்ட் வீல் சென்சார் சர்க்யூட்"னு கோடு வந்ததும் சென்சார் வாங்கி மாட்டிடுறது. கோடு சொல்றது அந்த மூலைல பிரச்சனைன்னு மட்டும்தான். அந்த மூலைல வீல் ஸ்பீடை பாக்குற சென்சார் இருக்கு, வயர் இருக்கு, வயரை சேர்க்குற கப்லர் இருக்கு, வீலோட சேர்ந்து சுத்துற பல் ரிங் இருக்கு, பேரிங் இருக்கு. லைவ் டேட்டா போட்டு ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பார்த்தா நாலு வீல் ஸ்பீடும் தனித்தனியா தெரியும், மூணு வீல் 30 காட்டும்போது ஒண்ணு மட்டும் ஜீரோன்னா வயர் மேலயும் சென்சார் மேலயும் சந்தேகம், எகிறி எகிறி விழுதுன்னா ரிங் மேல சந்தேகம்.

மல்டிமீட்டர் வெச்சு பாக்குறவங்களும் ஒரு இடத்துல வழுக்குறாங்க. பழைய டைப் சென்சார் வெறும் காயில், அதை ஓம்ஸ்ல பாக்கலாம், ஆயிரம் ரெண்டாயிரம்னு காட்டும், வீலை கையால சுத்துனா ஏசி வோல்ட்ல சின்னதா ரீடிங் எழும். புது டைப் சென்சாருக்கு மாட்யூல்ல இருந்து கரன்ட் வரணும், அதை கழட்டி ஓம்ஸ்ல வெச்சா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல. ரெண்டுக்கும் ரெண்டே வயர்தான் வரும், அதனால வெளில பார்த்து தெரியாது, உங்க வண்டில எந்த டைப்புன்னு கேட்டுட்டு அப்புறம் மீட்டரை எடுங்க.

எல்லாத்துலயும் அதிகமா காசு போறது ரிங் விஷயத்துலதான். சிக்னல் கிட்ட வண்டி மெதுவாகி பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடுக்கு வரும்போது பெடல்ல கறகறன்னு அதிரும், வண்டி நிக்காம ஒரு அடி முன்னாடி போகும். லைட்டும் எரியாது. உடனே பேட் மாத்துவாங்க, டிஸ்க் கடைவாங்க, மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் போயிடுவாங்க, கறகறப்பு அப்படியே இருக்கும். உள்ள நடக்குறது என்னன்னா ஆக்சில்ல இருக்குற பல் ரிங்குக்கு அடில துரு ஏறி ஏறி ரிங்கை வெளில தள்ளிடும், சில நேரம் மயிரிழை மாதிரி விரிசல் விட்டுடும். விரிசல் சென்சாரைத் தாண்டும்போது ஒரு பல் விட்டுப்போன மாதிரி மாட்யூலுக்கு தெரியும், வீல் லாக் ஆகுதுன்னு நெனைச்சு பிரேக்கை விட்டுடும். வீலை கழட்டி டார்ச் அடிச்சு ரிங்கை முழுசா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, ஆக்சிலோ பேரிங்கோ மாத்தின மறுநாள் லைட் வந்தா சென்சாரை சந்தேகப்படாதீங்க. சில லோக்கல் ஆக்சில் ரிங் இல்லாமலே வரும், இல்லன்னா பல் எண்ணிக்கை வேற இருக்கும். சில பேரிங்ல ஒரு பக்கம் சீல் மேலயே காந்தப் பட்டை இருக்கும், அந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்க்கணும், திருப்பி அடிச்சு ஏத்திட்டா சிக்னலே வராது. காந்தப் பக்கத்துல குண்டூசி லேசா ஒட்டும், அதை வெச்சு கண்டுபுடிக்கலாம். ஆனா பவர்ஃபுல் காந்தத்தை கிட்ட கொண்டு போகாதீங்க, பட்டை கெட்டுடும்.

சென்சார் துருல புடிச்சிருந்தா சுத்தியலால தட்டுறது, கட்டிங் பிளேயர்ல முறுக்குறது வேண்டாம், தலை ஒடைஞ்சு உள்ளயே நின்னுடும். துருவை இளக்குற ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. அதுக்கு முன்னாடி வயரை கடைசி வரைக்கும் கையால தடவிப் பாருங்க, நம்ம ஊர்ல எலி கடிச்ச கேஸ் ரொம்ப அதிகம். சென்னை வண்டின்னா 2015 டிசம்பர்லயோ 2023 டிசம்பர்லயோ தண்ணில நின்னுச்சான்னு விசாரிங்க, கப்லரை கழட்டுனா உள்ள பச்சையா பூத்திருக்கும். பேட்டரி வீக்கா இருந்தாலும் லைட் வரும், அதையும் செக் பண்ணாம மாட்யூல் போச்சுன்னு பெரிய தொகை கொட்டாதீங்க. பழைய மாட்யூல் வாங்கி மாட்டுனா சில வண்டில கோடிங் பண்ணாம, அதாவது அந்த வண்டிக்கு ஏத்த மாதிரி செட் பண்ணாம, வேலையே செய்யாது.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தலன்னா ஏபிஎஸ் யூனிட் உள்ள இருக்குற நுணுக்கமான வால்வு துருப்புடிக்கும். பேட் மாத்தும்போது பிஸ்டனை சும்மா உள்ள தள்ளாம ப்ளீடர் நட்டை (பிரேக் ஆயிலை வெளில விடுற நட்டு) கொஞ்சம் திறந்துட்டு தள்ளச் சொல்லுங்க, அழுக்கு ஆயில் யூனிட்டுக்கு திரும்பிப் போகாது.

ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் இருக்கும், இடைவெளி விட்டு மெதுவா ஓட்டி மெக்கானிக்கிட்ட போகலாம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா ஓரங்கட்டி பிரேக் ஆயில் லெவலைப் பாருங்க, கொறைஞ்சிருந்தாலோ பெடல் உள்ள போனாலோ எடுக்கவே வேண்டாம், லெவல் சரியா இருந்தாலும் பிரேக் அடிச்சா முன் வீலை விட பின் வீல் மொதல்ல லாக் ஆகி வண்டி சுத்திடலாம்.

வேலை முடிஞ்சதும் கோடை அழிச்சிட்டு அப்படியே வாங்கிட்டு வராதீங்க. ஆளில்லாத மண் கிரவுண்ட்ல 30 ஸ்பீடுல ஒரே அழுத்தா அழுத்திப் பாருங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க. பெடல் கால்ல அதிரணும், ஸ்டியரிங் திருப்புன பக்கம் வண்டி போகணும், நாலு வீலும் மண்ணுல நீளமா இழுத்த கோடு போட்டிருக்கக் கூடாது.