கானாவில் சைகை மொழித் தன்னார்வலராகப் போக விண்ணப்பிக்கிறீர்களா?

இந்திய சைகை மொழி சரளமாக வரும் என்பதை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். கானாவின் சைகை மொழி அமெரிக்க வழி வந்தது. காது கேளாத அமெரிக்கரான ஆண்ட்ரூ ஃபாஸ்டர் 1957-ல் அங்கே பள்ளி தொடங்கியதன் விளைவு. நாம் ஆங்கில எழுத்துகளை இரு கையால் காட்டுகிறோம், அங்கே ஒரே கை. முதலில் அந்த 26 எழுத்தையும் விரலில் பழக்குங்கள், பெயரைத் தயங்காமல் காட்டும் அளவுக்கு.

விண்ணப்பத்தோடு சைகை வீடியோ கேட்டால் இரண்டு நிமிடம் போதும். தலைக்கு மேல் சற்று இடம், கீழே இடுப்பு வரை, முழங்கைகள் வெளியே போகாமல். கட்டம், கோடு இல்லாத ஒரே நிறச் சட்டை, அதுவும் உங்கள் தோல் நிறத்திலிருந்து விலகிய நிறம். வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். மங்கலான அறையில் ஓடும் விரல்கள் வெறும் கறையாகத்தான் பதியும். முகபாவம் இலக்கணத்தின் பகுதி, எனவே மாஸ்க் கூடாது. பின்னணி இசை சேர்ப்பவர்களும் உண்டு! யாருக்காக?

படிவத்தில் காது கேளாதோரைக் குறிக்க 'ஹியரிங் இம்பேர்டு' (செவித்திறன் குறைந்தவர்) என்று எழுதாமல் 'டெஃப்' என்றே எழுதுங்கள். நிறுவனத்தின் நிர்வாகத்தில் காது கேளாதோர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்; திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள். போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.