தொட்டியில வாலிஸ்னேரியா நிக்கவே மாட்டேங்குதா? என் அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்க வீட்டு சிமெண்ட் தொட்டியில வாலிஸ்னேரியா (தண்ணிக்குள்ள வளர்ற, நாடா மாதிரி இலை உள்ள செடி) வச்சேன், இலை எல்லாம் நூல் மாதிரி மெலிஞ்சு மேல மேல நீண்டுகிட்டே போச்சு, பார்க்க வளர்ற மாதிரி இருக்கும் ஆனா தொட்டா கையோட வந்துரும். உரம் போடுங்கன்னு நிறைய பேர் சொன்னாங்க. பிரச்சனை அது இல்ல, வெளிச்சம். கெண்டை மீன் அடிமண்ணை கிளறி கிளறி தண்ணி எப்பவும் கலங்கலாவே கிடந்துச்சு, அப்போ செடி வேருக்கு செலவு பண்றதை குறைச்சு இலையை வெளிச்சத்தை நோக்கி நீட்டும்.

முதல்ல கெண்டையை வேற தொட்டிக்கு மாத்தினேன். ஏரி வண்டல் 2 இன்ச் பரப்பி அதுமேல அலசின மணல் 1 இன்ச், மண் கலங்காம இருக்க இந்த மணல் மூடாக்கு ரொம்ப முக்கியம்ங்க. செடி வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஒன்றரை அடிதான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன்.

ஒரு ஓரத்துல வெறும் மணல்ல மட்டும் கொஞ்சம் நட்டிருந்தேன். அதை பிடுங்கிப் பார்த்தா இலை குட்டை, வேர் மட்டும் சத்து தேடி நீளமா ஓடியிருக்கு. வண்டல்ல இருந்தது வேர் சின்னது, இலை நல்லா அகலம், வேர் மேல செங்காவி நிறத்துல ஒரு படிவு, வேர் வழியா வர்ற ஆக்சிஜன் மண்ணுல இருக்க இரும்போட சேர்ந்து அப்படி ஆகும், அழுகல் இல்ல, பயப்படாதீங்க.

தண்ணியை தெளிய வைக்கவே முடியாதுன்னா ஹைட்ரில்லாங்கிற இன்னொரு நீர்ச்செடி வைங்க, அது வெயில்ல 1 சதவீதம் வெளிச்சம் இருந்தாலே பொழச்சுக்கும், ஆனா தொட்டிக்குள்ளயே வச்சுக்கோங்க, ஏரி வாய்க்கால்ல மட்டும் வீசிடாதீங்க ப்ளீஸ்.