கவுன்சில் வீடு: வரிசையில் நின்றால் மட்டும் கிடைக்காது

லண்டனுக்கு வந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பார்: "கவுன்சில்ல பேரைப் பதிஞ்சு வைங்க, நம்ம முறை வரும்போது வீடு கிடைக்கும்." ஊர் நிர்வாகமான கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டைத்தான் சொல்கிறார், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் வந்தது 1990களில் இருக்கும். அன்று ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் கவுன்சில் வீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அவருடைய அனுபவத்தை வைத்து நீங்கள் இன்று திட்டம் போட்டால் ஏமாந்துதான் போவீர்கள். இப்போது இங்கிலாந்து முழுவதும் கவுன்சில் வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏறத்தாழ 13 லட்சம். அதோடு இது பேருந்து நிறுத்தத்து வரிசை மாதிரி முன்னால் வந்தவருக்கு முன்னால் என்று நகர்வதும் இல்லை. உங்களுக்குப் பின்னால் பதிந்தவர் அடுத்த மாதமே வீட்டுக்குப் போகலாம். நீங்கள் பத்து ஆண்டு காத்திருக்கலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள். மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா எதில் வந்திருந்தாலும் பெரும்பாலானோருக்கு "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" என்ற நிபந்தனை இருக்கும். முன்பு கார்டில் அச்சிட்டிருந்தார்கள், இப்போது இ-விசா கணக்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அரசுப் பணத்தில் தரும் உதவிகள் உங்களுக்கு இல்லை என்பது அதன் பொருள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் மாதிரியே கவுன்சில் வீடும், வீடிழந்தோருக்கான கவுன்சில் உதவியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "சும்மா ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போமே" என்று போடாதீர்கள். விசா நிபந்தனையை மீறியதாக அது பின்னால் பிரச்சினையாகலாம். கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறேனே என்று சிலர் கேட்பார்கள். அது குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்குக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகும் வரி. வாடகை வீட்டில் இருப்பவரும் கட்டுவார், சொந்த வீட்டுக்காரரும் கட்டுவார். அதைக் கட்டுவதால் வீட்டுக்கு உரிமை வந்துவிடாது.

ஐ.எல்.ஆர். எனும் காலவரையற்ற தங்கும் அனுமதி கிடைத்தவர்கள், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள், அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கணவருக்கு உரிமை இருந்து மனைவிக்கு இல்லை என்பது போன்ற கலப்புக் குடும்பங்களின் விதி சிக்கலானது. படிவத்தைத் தொடுவதற்கு முன் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் கேளுங்கள். இரண்டும் தொண்டு நிறுவனங்கள், காசு வாங்குவதில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். எந்த விசாவாக இருந்தாலும், குழந்தைகளோடு தெருவில் நிற்கும் நிலை வந்தால் 1989-ன் குழந்தைகள் சட்டத்தின் 17-வது பிரிவின்படி கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு உதவ முடியும். அது பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வராது.

உரிமை இருக்கிறது என்றாலும் உடனே பட்டியலில் ஏறிவிட முடியாது. 2011-ல் வந்த லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு, யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்ற விதியைப் பெருமளவு அந்தந்தக் கவுன்சிலே வகுத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் இத்தனை ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் கேட்கின்றன. லண்டனில் ஐந்து ஆண்டு கேட்பது சாதாரணம். ஆகவே ஈஸ்ட் ஹாமிலிருந்து வாடகை குறைவென்று இல்ஃபர்டுக்கு மாறுகிறீர்கள் என்றால், நியூஹாம் கவுன்சிலை விட்டு ரெட்பிரிட்ஜ் கவுன்சிலுக்குப் போகிறீர்கள். ரயிலில் சில நிமிடப் பயணம்தான். ஆனால் வசித்த ஆண்டுக் கணக்கு அங்கே முதலிலிருந்து தொடங்கலாம். வந்த நாள் முதல் வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், கவுன்சில் டாக்ஸ் பில் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எந்த முகவரியில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. கையில் காசு கொடுத்து ரசீதே இல்லாமல் இருந்த இரண்டு வருடம், கணக்கில் இல்லாத இரண்டு வருடம்.

பட்டியலில் ஏறியதும் உங்கள் தேவையைப் பார்த்து ஒரு பேண்டில், அதாவது ஒரு முன்னுரிமைப் படியில், போடுவார்கள், சில இடங்களில் புள்ளிகள். யாருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதை 1996-ன் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது: வீடிழந்தவர்கள், நெரிசலிலோ சுகாதாரக் கேடான வீட்டிலோ இருப்பவர்கள், நோய் அல்லது உடல்குறை காரணமாக வீடு மாற வேண்டியவர்கள், வேறு பகுதிக்கு மாறாவிட்டால் பெரும் துன்பம் என்ற நிலையில் இருப்பவர்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்பது மட்டும் உங்களை மேலே கொண்டுபோகாது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் லண்டனில் பலருடைய நிலை அதுதான்.

நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாகத் தம்பதிக்கு ஒரு அறை, ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு அறை, பத்து வயதுக்குக் கீழே என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஒரு அறை. அந்த வயதுவரை பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை வேண்டும் என்று நாம் நினைப்பது இங்கே கணக்கில் வராது. மருத்துவக் காரணம் காட்டுகிறவர்கள் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். "அம்மாவுக்கு மூட்டுவலி" என்று எழுதினால் போதாது. "மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, படியிறங்க முடியாததால் மூன்று மாதமாக அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை" என்று எழுத வேண்டும். நோய்க்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அப்புறம் பிட் செய்வது. பிட் என்றதும் ஏலம் என்று நினைத்து, அதிக வாடகை சொன்னவருக்குத்தான் வீடு என்று பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலியான வீடுகளைக் கவுன்சில் இணையத்தில் போடும், பல இடங்களில் வாரத்துக்கு ஒரு முறை. உங்கள் அறை எண்ணிக்கைக்குப் பொருந்தும் வீட்டில் "எனக்கு விருப்பம்" என்று அழுத்துவதுதான் பிட். முடிவில் மேல் பேண்டில் இருப்பவரை, அதே பேண்டில் பலர் இருந்தால் முன்பே பதிந்தவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே பேண்டுக்குள்தான் வரிசை. உங்கள் இடம் 140 என்று திரையில் காட்டினால் அது அவமானமில்லை, அந்த வாரத்து நிலவரம், அவ்வளவே. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லும் கவுன்சில்கள் உண்டு. அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் பெயரே போய்விடும். குழந்தை பிறந்தால், அம்மா வந்து சேர்ந்தால், நோய் கூடினால் உடனே தெரிவியுங்கள்.

சரி, இதுவரை சொன்னது நிதானமான வழி. பலர் கவுன்சில் வாசலை மிதிப்பது நிதானமாக அல்ல, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன பிறகுதான். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குடியுரிமை உண்டு, இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டுக்காரரும் தமிழர்தான். "தம்பி, மகன் கல்யாணம் வருது, வீடு வேணும்" என்றார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று இவர் ஒரே மாதத்தில் சாமானை நண்பர் வீட்டு கராஜில் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கவுன்சில் அலுவலகம் போனார். எழுத்தில் நோட்டீஸ் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. நீங்களாகத்தானே வெளியேறினீர்கள் என்று கேட்டார்கள். வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்று முடிவு எழுதிவிட்டார்கள். மரியாதை பார்த்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

ஒருவர் தானாகவே நல்ல வீட்டை விட்டு வெளியேறினால் அவருக்கு நிரந்தர ஏற்பாடு செய்யும் கடமை கவுன்சிலுக்கு இல்லை. ஆகவே நோட்டீஸை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதும் காலி செய்யாதீர்கள், முதலில் கவுன்சிலிடம் போங்கள். 2018 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 56 நாளுக்குள் வீடிழக்கும் அபாயம் இருந்தாலே அவர்கள் உங்களுக்காக ஒரு திட்டம் எழுதி உதவத் தொடங்க வேண்டும். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணமே சொல்லாமல் காலி செய்யவைக்கும் செக்‌ஷன் 21 நோட்டீஸும் இல்லை. வீட்டை விற்க வேண்டும், நானே குடிவர வேண்டும் என்றால் நான்கு மாத அவகாசம் தர வேண்டும், குடிவந்த முதல் ஆண்டில் அதுவும் முடியாது. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே வீட்டில், சமையலறையைப் பகிர்ந்துகொண்டு ஒரு ரூமில் இருக்கிறீர்களா? புதிதாக வந்த நம்மவர்களில் பலர் இருப்பது அப்படித்தான். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, நியாயமான அவகாசம் மட்டுமே.

கவுன்சில் பார்ப்பவை ஐந்து. உரிமை உண்டா, வீடிழந்தவர்தானா, முன்னுரிமைத் தேவை உண்டா, வேண்டுமென்றே செய்ததா, இந்த ஊரோடு தொடர்பு உண்டா. குழந்தைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, குடும்ப வன்முறையால் வீடிழந்தவர், நோயாலோ முதுமையாலோ நலிந்தவர் என்றால் முன்னுரிமைத் தேவை உண்டு. தனியாக இருக்கும் ஆரோக்கியமான இளைஞருக்குப் பெரும்பாலும் ஆலோசனையும் வழிகாட்டலும்தான், அறை கிடைக்காது. ஊர்த் தொடர்பு என்பதற்குக் கடந்த 12 மாதத்தில் 6 மாதம், அல்லது 5 ஆண்டில் 3 ஆண்டு வசித்திருப்பது வழக்கமான அளவு, அங்கே வேலை இருந்தாலும் போதும். முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். கேட்க வேண்டிய இடம் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

"மாமா வீட்டிலிருந்து துரத்திவிட்டதாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்" என்ற யோசனையும் உங்களிடம் வரும். வேண்டாம். பொய் விவரம் தருவது குற்றம், அதிகாரிகள் மாமாவுக்கு போன் போட்டுக் கேட்பார்கள், வீட்டுக்கே வருவார்கள்.

ஏற்றுக்கொண்டாலும் உடனே கிடைப்பது தற்காலிக இடம்தான். ஹோட்டல் அறையாக இருக்கலாம், வேறு ஊராகக்கூட இருக்கலாம். சமையலறையையும் குளியலறையையும் பகிரும் தனியார் பி அண்ட் பி எனும் சிறு விடுதியில் குழந்தைகளோடு 6 வாரத்துக்கு மேல் வைப்பது சட்டவிரோதம் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் தரும் வீடு கவுன்சிலுடையதாக இல்லாமல் தனியார் வாடகை வீடாகவும் இருக்கலாம், 2011-க்குப் பிறகு அது அனுமதி. பிடிக்கவில்லை என்று அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கவுன்சிலின் கடமை முடிந்துவிடக்கூடும். ஏற்றுக்கொண்டே, பொருத்தமில்லை என்று மறுபரிசீலனை கேட்கும் வழி இருக்கிறது. அதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு தட்டுப்பாடு ஏன் என்று கேட்பீர்கள். இந்த நாடு ஒரு காலத்தில் வாரி வாரிக் கட்டியது. டாகன்ஹாம் பக்கம் போனால் பெக்கன்ட்ரீ என்ற பகுதியைப் பாருங்கள், 1921 முதல் 1935 வரை சுமார் 27,000 வீடுகள், எல்லாம் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கட்டியவை. பிறகு 1980-ல் குடியிருப்பவரே தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற ரைட் டு பை சட்டம் வந்தது. ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்றுப்போயின. விற்ற அளவுக்குக் கட்டவில்லை. இன்று தனியாரிடம் நீங்கள் கொள்ளை வாடகைக்கு எடுக்கும் ஃபிளாட்டே முன்னாள் கவுன்சில் வீடாக இருக்கலாம். 2024 நவம்பரில் அந்தத் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், லண்டனின் பெரும்பகுதியில் உச்சவரம்பு 16,000 பவுண்டு. வாங்கி விற்றுப் பணக்காரராகலாம் என்ற பழைய கணக்கு இனி எடுபடாது.

இப்போது புதிய வீடுகள் பெரும்பாலும் லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்குத் தரும் ஹவுசிங் அசோசியேஷன்கள் வழியாகவும், தனியார் பில்டர்கள் வழியாகவும் வருகின்றன. கட்ட அனுமதி வேண்டுமா, இத்தனை வீடுகளை மலிவாகத் தா என்று கவுன்சில் ஒப்பந்தம் போடும். செக்‌ஷன் 106 என்பார்கள். அதில் வருபவற்றுக்கு "அஃபோர்டபிள்" என்று பெயர், இந்தச் சொல்லில்தான் ஏமாற வேண்டாம் என்கிறேன். சோஷியல் ரென்ட், அதாவது கவுன்சில் வீடுகளின் வழக்கமான வாடகை, என்றால் லண்டனில் சந்தை வாடகையில் பாதிக்கும் கீழே இருக்கும். அஃபோர்டபிள் ரென்ட் என்றால் 80 சதவீதம் வரை போகலாம். 2,000 பவுண்டு வீட்டுக்கு 1,600. யாருக்குக் கட்டுப்படியாகும் என்று கேட்காதீர்கள். ஷேர்டு ஓனர்ஷிப் வேறு: வீட்டின் ஒரு பங்கை வாங்கி, மீதிக்கு வாடகை கட்டுவது. லண்டனில் ஆண்டு வருமானம் 90,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். கடன் தவணை, வாடகை, கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சர்வீஸ் சார்ஜ் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

வீடு கிடைத்துவிட்டால் முதல் ஓராண்டு பல கவுன்சில்களில் சோதனைக் காலம். வாடகை பாக்கி, அக்கம்பக்கத் தகராறு இல்லாமல் ஓட்டினால் நிலையான உரிமை வரும். ஆறு மாதம் ஊருக்குப் போகிறோம், வீடு சும்மாதானே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு உள்வாடகைக்கு விட்டுப் போகாதீர்கள். 2013 முதல் அது கிரிமினல் குற்றம், வீடும் போகும். நீண்ட நாள் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். சுவரில் ஈரமும் பூஞ்சையும் வந்தால் "நீங்கள் சமைக்கிற சமையல்தான் காரணம், ஜன்னலைத் திறங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ராச்டேலில் பூஞ்சை படிந்த வீட்டில் 2020-ல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும் தரும் சமூக வீடுகளுக்கு நடப்பில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சை என்று புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும், அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் படத்தோடு மின்னஞ்சலும் போடுங்கள்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. வட அயர்லாந்தில் கவுன்சில்களுக்கு இதில் வேலையே இல்லை, ஹவுசிங் எக்சிகியூட்டிவ் என்ற தனி அமைப்புதான் பார்க்கிறது.

சாவி வாங்கும் நாளைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. கவுன்சில் வீடு பெரும்பாலும் வெறும் கூடாக வரும். கார்பெட் இருக்காது, அடுப்பு இருக்காது, திரைச்சீலை இருக்காது, சில வேளை பல்புகூட இருக்காது. பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு கரன்ட் அடுப்பும் நான்கு பல்பும் கையோடு கொண்டுபோவது நல்லது.