ஊசியை வைப்பதற்கு முன்: இசைத்தட்டின் வகையை இனங்காணும் முறை

இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தவுடன் அதை ஓடவிட்டுக் கேட்கும் ஆவல் எழுவது இயல்பே. ஆனால் அந்தத் தட்டு எந்தப் பொருளால் ஆனது, நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் சுழல வேண்டியது, ஊசி ஓடும், ஒலி பதிந்த அதன் வரிப்பள்ளம் எவ்வளவு அகலமானது ஆகியவற்றை அறியாமல் ஊசியை வைத்தால், ஒரே முறையில்கூட மீட்க முடியாத சேதம் நேரலாம்.

முதலில் தட்டின் பொருளைப் பாருங்கள். எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரிய பின், தட்டையான வட்டத்தில் ஒலியைப் பதியும் முறை வளர்ந்து, அரக்குக் கலவையால் ஆன தட்டுகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இசையுலகை ஆண்டன. இவை கனமானவை, விறைப்பானவை, கீழே விழுந்தால் உடைபவை. வினைல் தட்டோ இலகுவானது, சற்று வளைந்து கொடுப்பது. சோதிப்பதற்காகத் தட்டை வளைத்துப் பார்க்காதீர்கள். அரக்குத் தட்டாக இருந்தால் அது உடைந்துவிடும். எடையையும் விளிம்பின் தடிமனையும் கவனித்தாலே பெரும்பாலும் போதுமானது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரக்குத் தட்டில் கல்தூள் போன்ற கடினமான பொருள்கள் கலக்கப்பட்டிருந்தன. எஃகு ஊசி அவற்றின்மீது உராய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்துகொள்ளும், ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். சாவி கொடுக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் பள்ளத்தில் அழுந்தும். இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறிகையாக்கும் பகுதி) பலவும் 2 கிராம் அளவிலேயே அழுத்துகின்றன. எனவே வினைல் தட்டை ஒருபோதும் சாவி கிராமபோனில் வைக்காதீர்கள். அது பள்ளத்தின் சுவர்களைச் செதுக்கி எறிந்துவிடும்.

அடுத்தது பள்ளத்தின் அகலம். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டை வெளியிட்டபோது, அதன் வெற்றிக்கு வேகக் குறைப்பைப் போலவே நுண்பள்ளமும் காரணமாக இருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும் பழைய 12 அங்குலத் தட்டில் (இதையே '78 தட்டு' என்பர்) ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 நிமிடம்தான் அடங்கியது, எல்.பி.யிலோ 20 நிமிடத்துக்கு மேலும் பதிய முடிந்தது. 78 தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் முனையாரம் கொண்ட ஊசி வேண்டும். நுண்பள்ள மோனோ (ஒற்றை ஒலித்தட) தட்டுக்கு 25, ஸ்டீரியோவுக்கு (இரட்டை ஒலித்தடம்) 18 மைக்ரோமீட்டர் அளவு பொருந்தும். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால், அது அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு அங்குள்ள தூசியைத்தான் வாசிக்கும். இரைச்சலும் மிகும், ஊசியும் பாழாகும். 78 ஊசியை எல்.பி.யில் வைப்பது அதைவிடக் கொடியது.

வேகத்தை அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 7 அங்குலத் தட்டு 45 சுற்றுகளில் ஓடுவது. அதன் நடுத்துளை 38 மில்லிமீட்டர் என்பதால் சிறிய அச்சுள்ள கருவியில் இடையே ஒரு பொருத்தி தேவைப்படும். ஆயினும் 7 அங்குலத்தில் 33⅓ தட்டுகளும், 12 அங்குலத்தில் 45 தட்டுகளும் உண்டு. ஆகவே நடுவிலுள்ள லேபிளில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்புவதே முறை. மிகப் பழைய அரக்குத் தட்டுகள் 70 முதல் 80-க்கு மேல்வரை பல வேகங்களில் பதியப்பட்டவை. அவற்றுக்கு வேகத்தை நுட்பமாக மாற்றும் வசதியுள்ள கருவி வேண்டும், பாடகரின் குரல் இயல்பாக ஒலிக்கும்வரை செவியைத் துணைகொண்டு சரிசெய்ய வேண்டும்.

ஸ்டீரியோ தட்டுகள் 1958 முதல் பரவலாக விற்பனைக்கு வந்தன. பள்ளத்தின் இரு சுவர்களிலும் தனித்தனி ஒலித்தடங்கள் இருப்பதால் ஊசி பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் அசைய வேண்டியிருக்கிறது. மேலும் கீழும் அசைய இடமளிக்காத பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் இந்தத் தட்டுகளைக் கெடுக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் நுண்பள்ள மோனோ தட்டை வாசிப்பதில் தடையில்லை.

ஒலியின் தன்மை மந்தமாகவோ கீச்சென்றோ இருந்தால், ஒலிச்சமன் முறையை, அதாவது பதியும்போது தாழ், உயர் ஒலிகளில் செய்த மாற்றத்தை ஒலிக்கும்போது ஈடுசெய்யும் முறையை, சரிபாருங்கள். 1954-க்குப் பின் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. முறை பொதுவானது, இன்றைய ஃபோனோ பெருக்கிகள் (கார்ட்ரிட்ஜின் குறிகையைப் பெருக்கும் கருவிகள்) அதற்கென அமைந்தவை. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையைக் கையாண்டது, எனவே பழைய தட்டுகளுக்கு ஒலியமைப்பைக் கையால் திருத்த நேரும்.

தூய்மை செய்வதிலும் பொருளே வழிகாட்டி. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஆதலால் அதைக் கொண்ட துப்புரவுத் திரவத்தை அரக்குத் தட்டில் துளியும் தொட விடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலைச் சிறிது கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே மெதுவாகத் துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் காத்து, உடனே உலர்த்துங்கள். நன்கு உலர்ந்த பின் தட்டுகளை உறையிலிட்டு, சாய்வின்றி நிமிர்த்து வையுங்கள்.