முல்லார்டா பெல்லா? காத நம்புறதுக்கு முன்னாடி மீட்டர எடுங்க

பாட்டு கேக்குற ஆம்ப்ளிபயர்ல (ஆம்ப்) மாட்டுற பழைய கண்ணாடி வால்வு நாலஞ்சு கையில சேந்துடுச்சுன்னா அடுத்து என்ன நடக்கும்னு தெரியும், ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டி "ஆஹா இதுதான்யா"ன்னு நமக்கு நாமே சொல்லிக்குவோம். நானும் ஒரு மாசம் பூரா, நம்ம பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி போட்ட ஈசிசி83ங்கற வால்வு இங்கிலாந்து முல்லார்டு கம்பெனியோடதையே தூக்கி சாப்பிடுதுன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஸ்பீக்கர் கனெக்ஷன்ல மல்டிமீட்டர வச்சா, வால்யூம் திருகு அசையவே இல்ல, பெல் மாட்டினா 2.20 வோல்ட், முல்லார்டு மாட்டினா 2.00. கிட்டத்தட்ட 0.8 டெசிபல். கொஞ்சம் சத்தமா கேட்டத இனிமைன்னு நினைச்சிருக்கேன், அவ்ளோதான். ரெண்டுமே எத்தனை வருஷம் ஓடின வால்வோ, தேய்மானம் ஒரே மாதிரியா இருக்கும்?

அதனால முதல் வேலை லெவல் சமன் பண்றது. போன்ல 400 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓடவிடுங்க (சாதா மீட்டர் ஏசியில ரொம்ப மேல போனா தப்பா காட்டும்), ஸ்பீக்கர் மாட்டினபடியே அளந்து முதல் வால்வுக்கு 2 வோல்ட் வர்ற இடத்துல திருகு பக்கத்துல பேப்பர் டேப் ஒட்டி கோடு போடுங்க, அடுத்த வால்வுக்கும் அதே 2 வோல்ட் வர்ற இடத்துல இன்னொரு கோடு. 2.02 வந்தா பரவால்ல, அது 0.1 டெசிபல்லுக்குள்ள. ஆனா ஒண்ணு, ஸ்பீக்கர கழட்டிட்டு வால்வு ஆம்ப்ப ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிடும்.

மாத்தும்போது பிளக்கையே உருவிடுங்க, உள்ள 250, 300 வோல்ட்டுக்கு மேல ஓடுது, கெப்பாசிட்டர் ஆஃப் பண்ணின அப்புறமும் பிடிச்சு வச்சிருக்கும், அடிப்பக்க மூடிய திறக்காதீங்க. வால்வு ஆறட்டும், அப்புறம் லேசா ஆட்டி ஆட்டி நேரா இழுங்க. அவசரப்பட்டு சாய்ச்சா அடியில இருக்கிற கம்பிக் கால் (பின்) கிட்ட கண்ணாடி விரிசல் விடும், காத்து உள்ள போயிடும், மேல வெள்ளி மாதிரி மின்னுறது பால் வெள்ளையாயிடும், அது செத்த வால்வு. எழுத்து இருக்கிற இடத்துல கை வைக்காதீங்க, சிலதுல விரலோடயே வந்துடும். ஒருதடவ அந்த மாதிரி ஒரு நல்ல வால்வோட பேரையே துடைச்சுட்டேன்.

எதோட எத ஒப்பிடறோம்ங்கறதும் முக்கியம். ஈசிசி83, 81, 82 மூணும் ஒரே சாக்கெட்ல உக்காரும், ஆனா பெருக்கம் 100, 60, 20 கிட்டன்னு இருக்கும், அத வச்சு சவுண்டு பேசினா நியாயமில்ல. ஈசிசி88க்கும் 9 பின்தான், ஆனா ஹீட்டர் வயரிங் வேற, மாட்டிடாதீங்க. இஎல்34 மாதிரி பவர் வால்வு, அதுலயும் பிக்சட் பயஸ் ஆம்ப்னா, ஒவ்வொரு தடவையும் பயஸ், அதாவது வால்வு சும்மா இருக்கும்போது அதுல ஓடுற கரண்ட்ட, செட் பண்ணணும். பீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்த திருப்பி உள்ள அனுப்பி தப்ப திருத்திக்கிறது) அதிகமா இருக்கிற ஆம்ப்ல வால்வுக்கு வால்வு வித்தியாசம் அமுங்கிடும், அதனால போனோ ஸ்டேஜ்ல, அதாவது ரெக்கார்டு பிளேயர்ல இருந்து வர்ற சின்ன சிக்னல பெருசாக்குற இடத்துல, மாத்திப் பாருங்க, அங்கதான் இரைச்சலெல்லாம் பல்ல காட்டும்.

பேர மட்டும் பாத்து காசு கொடுக்காதீங்க, எழுத்த யாரு வேணா அச்சடிக்கலாம். ஜெர்மன் கம்பெனி டெலிபங்கன்ல பல வால்வுக்கு அடியில பின்களுக்கு நடுவுல கண்ணாடியிலயே டைமண்ட் குறி இருக்கும், முல்லார்டு பிளாக்பர்ன் பேக்டரி சரக்குல கண்ணாடி அடிப்பக்கம் சின்னதா B எழுத்துல தொடங்குற குறியீடு இருக்கும். இன்னொரு கூத்து, முல்லார்டு 1927லேயே பிலிப்ஸ் கைக்குப் போயிடுச்சு, பெல்லும் பிலிப்ஸ் தொழில்நுட்பத்துலதான் வால்வு போட்டுச்சு, ஆக நான் சண்டை மூட்டினது பங்காளிங்களுக்குள்ள.

இப்போ கேக்குறது. ஒரே பாட்டுல 30 செகண்ட், தம்புரா சுருதியும் குரலும் மட்டும் இருக்கிற இடமா எடுங்க, ரிதம் நெறைய இருந்தா இரைச்சல் மறைஞ்சிடும். வால்வு சூடாக 20 நிமிஷம் விடுங்க. வீட்ல யாரையாச்சும் கெஞ்சி காசு சுண்டிப் போட்டு மாத்தச் சொல்லுங்க, நீங்க சுவத்தப் பாத்து உக்காந்துக்கங்க, திருகையும் அவங்களே கோட்டுக்கு கொண்டு வரட்டும், எந்த ரவுண்ட்ல எதுன்னு சீட்ல எழுதட்டும். 10 ரவுண்ட் போகணும், ரெண்டு சாயந்திரம் ஆகும். 7 சரியா வந்துச்சுன்னு குதிக்காதீங்க, சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலே 7ஓ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 17 சதவீத வாய்ப்பு இருக்கு. 9 வந்தா பேசலாம்.

என் தம்பி முகத்த சுளிச்சுக்கிட்டே மாத்திக் கொடுத்தான், எனக்கு வந்தது 6.

அப்புறம் வால்யூம ஏத்தி, பென்சில் ரப்பர் பக்கத்தால ஒவ்வொரு வால்வையும் மெதுவா தட்டிப் பாத்தேன், ஸ்பீக்கர்ல சத்தம் வந்தா அந்த வால்வு அதிர்வையும் பிடிக்குதுன்னு அர்த்தம். பெல்லு ரெண்டுல ஒண்ணு டங்குன்னு மணி அடிச்சுது, முல்லார்டு லேசா முனகிச்சு. இப்ப போனோ ஸ்டேஜ்ல உக்காந்திருக்கிறது நான் பேரத் துடைச்ச அந்த வால்வுதான், தட்டினா சத்தமே இல்ல.