லாமு தீவில் ஒரு மர்மம்: இளையோருக்கான துப்பறியும் கதைக்குக் கரு அமைப்பது எப்படி?

ஆப்பிரிக்காவில் நடக்கும் கதை என்று மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேனா நகராது. அது 54 நாடுகள் உள்ள கண்டம். ஒரே ஊரைப் பிடியுங்கள். அந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய குற்றத்தைத் தேடுங்கள். இங்கே கென்யாவின் லாமு தீவை எடுத்துக்கொள்வோம்.

படி 1: குற்றம்

லாமு பழைய நகரம் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பவளக்கல் வீடுகள், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடிகிற சந்துகள், சுமை இழுக்கக் கழுதைகள். வீடுகளின் பெருமை செதுக்கு வேலை செய்த மரக்கதவுகள். அப்படியொரு பழைய நிலைவாசலின் மேல்சட்டம் ஓர் இரவில் காணாமல் போகிறது. தொல்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் வழக்குக்குக் கனம் உண்டு. முதல் கதையில் கொலை வேண்டாம். நம் நாயகி 15 வயதுப் பெண். அவளைப் போலீஸ் ஏன் உள்ளே விட்டது என்று விளக்கவே மூன்று அத்தியாயம் போய்விடும்.

படி 2: அவள் ஏன் தேட வேண்டும்?

பழி அவளுடைய படகோட்டி மாமா மேல் விழட்டும். காலம், ஆகஸ்ட் பள்ளி விடுமுறை.

படி 3: துப்பு

கதையின் உயிர் இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள்.

இந்தக் கரையின் மொழியான சுவாஹிலியில் பகல் மணியைப் பொழுது விடிவதிலிருந்தும் இரவு மணியைப் பொழுது சாய்வதிலிருந்தும் எண்ணுவார்கள். காலை 7 மணி 'ஸா மோஜா', அதாவது ஒன்றாம் மணி. இரவு 10 மணி 'ஸா ன்னே', நாலாம் மணி. விடிகாலை 4 மணியோ 'ஸா குமி', பத்தாம் மணி.

திருட்டு பௌர்ணமி இரவில் நடக்கிறது. மாமாவின் படகு 'ஸா ன்னே'க்குக் கிளம்பியதாகக் காவலாளி ஒரு வெளிநாட்டு விருந்தாளியிடம் சொல்கிறார். எண்ணை மட்டும் தெரிந்த அவர், விடிகாலை 4 மணி என்று வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார். அந்தக் கரையில் பௌர்ணமியன்று ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) நிறைவது 4 மணி வாக்கில். ஆகவே வாக்குமூலம் பொருந்துகிறது, யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் காவலாளி சொன்னது இரவு 10 மணி. அப்போது நீர் வற்றி, கழிமுகத்தில் சேறுதான் இருக்கும். படகு கிளம்பவே முடியாது. மொழிபெயர்ப்புத் தவறு ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எங்கே தவறும்? சுவாஹிலி மணியில் நாயகியே குழம்புவதாக எழுதினால் கதை செத்தது. அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் மணி சொல்கிறாள். குழம்ப வேண்டியவர் விருந்தாளி. இன்னொன்று, தேதி. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திருட்டை ஒரு வாரம் நகர்த்தினால் இரவு 10 மணிக்கு நீர் நிறைந்திருக்கும், துப்பு கவிழ்ந்துவிடும். ஆண்டையும் தேதியையும் முடிவு செய்து, ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே எழுதுங்கள். பௌர்ணமி என்றால் வானம் தெளிந்த இரவில் கடற்கரை கும்மிருட்டாக இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 4: விசாரணை

பெரியவரை எடுத்தவுடன் கேள்வி கேட்க முடியாது. முதலில் வணக்கம், பிறகு நலம் விசாரிப்பு, அதற்குப் பிறகே விஷயம். நாயகி காவலாளியிடம் பேசுவதைப் பாருங்கள். 'ஷிகாமோ' பெரியவருக்குச் சொல்லும் வணக்கம், 'மரஹபா' அதற்குப் பதில், 'பாபு' என்றால் தாத்தா.

“ஷிகாமோ, பாபு.”
“மரஹபா. அம்மா சுகமா?”
“சுகம் பாபு. அன்றைக்கு மாமா படகு எப்போது கிளம்பியது?”
“ஸா ன்னே. ஊர் அடங்கியிருந்தது.”

அவள் வாயைத் திறக்கவில்லை. முழங்கால்வரை சேறு அப்பிய கால்களோடு அதே கழிமுகத்தைத் தாண்டி வந்த நாள் அவளுக்கு நினைவு வருகிறது. இங்கே விளக்கம் ஒரு வரிகூட வேண்டாம்.

படி 5: துப்பை எங்கே ஊன்றுவது?

25 அத்தியாயம், சுமார் 45,000 சொல் என்று வையுங்கள். சேறு 3ஆம் அத்தியாயத்தில் வெறும் தொல்லையாக வரட்டும். மணி சொல்லும் முறை 5இல், யாரோ சந்தைக்கு நேரம் குறிக்கும்போது. வாக்குமூலம் 7இல், காவலாளியின் பேச்சு 17இல். சேற்றையும் மணியையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வாசகர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்.

படி 6: பொருள் எங்கே?

தேடலைக் கடல் பக்கம் திருப்பத்தான் காவலாளி பொய் சொன்னார். மேல்சட்டம் தீவைவிட்டுப் போகவே இல்லை. கூரைக்கு வெட்டி வந்த அலையாத்திக் கழிகள் கரையோரம் அடுக்கிக் கிடக்கும். அந்த அடுக்கின் அடியில், செதுக்கிய முகம் மண்ணைப் பார்த்தபடி கிடக்கட்டும். அந்த அடுக்கின் மேல் நாயகி உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவும் காட்சியை 3ஆம் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.